பத்துக்கு ஆறு மழை

என்னைப் பற்றி நானே பேசக் கூடாது என்பார்கள். நான் பேசாவிட்டால் வேறு யார் பேசப் போகிறார்கள்? மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மண் சுமந்து, கலவை குழைத்து, கரணை பிடித்து, கடைசியில் இருபது பேருக்கு வேலை சொல்கிற மேஸ்திரி ஆனேன். முத்தியால்பேட்டையிலிருந்து கிளம்பினால் அரியாங்குப்பம் ஆற்றுப் பாலம் வரைக்கும் தெருவுக்கு ஒரு வீடாவது என் கைபட்டதாக இருக்கும். படித்த இன்ஜினீயர்கள் காகிதத்தை விரித்து வைத்துக்கொண்டு தலையைச் சொறிகிற இடத்தில், நான் காலால் எட்டு வைத்துப் பார்த்துக் கணக்குச் சொல்லிவிடுவேன். யார் பேச்சையும் கேட்டு நான் வேலையை நிறுத்தியதில்லை. ஒரே ஒரு தடவை ஓர் அம்மாள் பேச்சைக் கேட்டு நிறுத்தினேன். அந்தப் பேச்சும் தப்பாகப் போயிற்று. அப்படியும், இந்த வயது வரைக்கும் என் காதில் விழுந்த பேச்சுகளில் அதைத்தான் நல்ல பேச்சு என்பேன்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எங்கள் தெருவில் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதும் இல்லை. மதாம் என்றால் அவர்தான். புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. அவர் போய்ச் சேர்ந்த பிறகு மதாம் அந்தப் பழைய வீட்டில் தனியாக இருந்தார். அறுபதைத் தாண்டிய வயது, ஒல்லியான உடம்பு, பூப்போட்ட கவுன், ரப்பர் செருப்பு, கழுத்தில் ஒரு சின்னச் சிலுவை. வலது கை விரல்களில் எப்போது பார்த்தாலும் சாக்பீஸ் தூள்.

தூளுக்குக் காரணம் போர்டு. வாசல் கேட்டில் கறுப்புப் பெயிண்ட் அடித்த பலகை ஒன்றைக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டிருந்தார். நடுவில் குறுக்காக ஒரு கோடு. கோட்டுக்கு மேலே ‘இன்று’, கீழே ‘நேற்று’. தினம் காலை எட்டு மணிக்கு மேல்பாதியில் அன்றைக்கு வானம் என்ன செய்யும் என்று எழுதுவார். ‘சாயங்காலம் மழை வரும். பத்துக்கு ஏழு.’ இதே மாதிரி பத்து நாள் வந்தால் அதில் ஏழு நாள் பெய்யும் என்று அதற்கு அர்த்தம். கீழ்ப்பாதியில், முந்தின நாள் தான் எழுதியது பலித்ததா என்று எழுதுவார். பலித்தால் ‘சரி’ என்று ஒற்றை வார்த்தை. பலிக்காவிட்டால் விவரமாக இருக்கும். ‘தப்பு. மழை வராது என்றேன். வந்தது. பர்தோன்.’ பர்தோன் என்பது அவர்கள் வீட்டில் மன்னிப்புக் கேட்கிற வார்த்தை.

தெருவில் போகிறவர்கள் மேலே படிப்பதற்கு முன்னால் கீழேதான் படிப்பார்கள். எதிர்வீட்டு இஸ்திரிக்காரருக்கு அது தினசரிப் பொழுதுபோக்கு.

“இன்னா மதாம், இன்னைக்கும் தப்பா?”

“இன்னைக்கும் தப்பு.”

“அப்ப நீங்க எழுதறதுக்கு நேர் எதிரா நெனச்சுக்கினா சரியா பூடும்போல.”

“அதையும் ஒரு வாரம் பாத்தேன். அதுவும் தப்பாத்தான் வருது” என்பார் மதாம், சிரிக்காமல்.

ஆனால் அதே இஸ்திரிக்காரர், பெரிய வீட்டுத் திரைச்சீலைகளைத் துவைத்துக் காயப்போடுகிற நாளில் அந்தப் போர்டைப் பார்க்காமல் வாளியைத் தூக்க மாட்டார். கேட்டதற்கு, “தப்பானா தப்புன்னு எழுதற ஆளு வேற எங்க கீறாங்க, மேஸ்திரி?” என்றார்.

புரட்டாசி வானத்தைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஐப்பசி மழை கடலிலிருந்து வருவது. அது சொல்லிக்கொண்டு வரும், வந்தால் நாள்கணக்கில் உட்கார்ந்துவிடும். புரட்டாசி மழைக்கு அந்த ஒழுக்கம் கிடையாது. காலையில் வெயில் மண்டையைப் பிளக்கும். மத்தியானம் காற்று நின்று சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் மேற்கே விழுப்புரம் பக்கம் கறுக்கும். அந்தக் கறுப்பு நம்மிடம் வந்தாலும் வரும், பாதி வழியில் கரைந்தாலும் கரையும். ஒரு தெருவில் வெளுத்து வாங்கிவிட்டு அடுத்த தெருவில் புழுதி பறக்கவிடும். டிவியில் ‘ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும்’ என்று சொல்லும்போது மதாம் டிவியைப் பார்த்துத் தலையாட்டுவார். “அவங்க சொல்றது எப்பவும் சரி. அந்த ஓரிரு இடம் எதுன்னு நாம்பதான் தேடிக்கணும்.”

அவர் தேடுகிற விதமே தனி. சுவரில் ஒரு பித்தளைக் கருவி மாட்டியிருந்தது. கடிகாரம் மாதிரி முள் இருக்கும், மணி காட்டாது. காற்று எவ்வளவு கனமாக நம்மை அழுத்துகிறது என்று காட்டுமாம். முள் இறங்கினால் மழைக்கு அறிகுறி. புருஷன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது. மொட்டைமாடியில் ஒரு மண்ணெண்ணெய்ப் புனலைக் கண்ணாடி ஜாடியில் சொருகி வைத்து, விழுந்த மழையை அளப்பார். இவற்றை விட முக்கியமானது போன். விழுப்புரத்தில் ஒரு தையல்காரர், கண்டமங்கலத்தில் ஒரு டீக்கடைக்காரர். இரண்டு பேரும் எப்படிப் பழக்கமானார்கள் என்று எனக்குத் தெரியாது. மேற்கே கறுத்தால் மதாம் அவர்களுக்குப் போன் போடுவார். மழை வருமா என்று கேட்க மாட்டார். “வாசல்ல இருக்கிற பெஞ்சை உள்ள எடுத்துட்டீங்களா? மாடு மேயுதா, ஓட்டிக்கிட்டுப் போறாங்களா?” என்றுதான் கேட்பார்.

“மழை வருமான்னு கேட்டா ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க, மேஸ்திரி. பெஞ்சை எடுத்தாரா இல்லியான்னு கேட்டா பொய் சொல்ல என்ன இருக்கு?”

எனக்கும் அவருக்கும் பழக்கம் சண்டையில்தான் ஆரம்பித்தது. அவர் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு மாடி எடுத்துக்கொண்டிருந்தேன். வெளிச்சுவர் பூச்சு வேலை. போர்டில் ‘மழை வராது, பத்துக்கு எட்டு’ என்றிருந்தது. நம்பிப் பூசினோம். நாலு மணிக்குக் கொட்டியது பாருங்கள், பூசின சுவர் பாயசமாக வழிந்து வாசலில் ஓடியது. ஈரத்தோடு போய் அவர் கேட்டை ஆட்டினேன்.

“மதாம், நீங்க இன்னா கடவுளா? தெரியலன்னா சும்மா இருக்கக் கூடாது?”

அவர் கையில் ஏற்கெனவே சாக்பீஸ் இருந்தது. “எத்தினி அடி சுவர் போச்சு?” என்று கேட்டார்.

“எட்டடி.”

மறுநாள் காலை போர்டைப் பார்த்தவனுக்கு ரத்தம் தலைக்கேறியது. ‘தப்பு. மழை வராது என்றேன். மேஸ்திரியின் சுவர் எட்டடி கரைந்தது. பர்தோன்.’

“மதாம், என் பேரை ஏன் எழுதினீங்க? ஊரே கேக்குது, உன் சுவர் கரைஞ்சிடுச்சாமேன்னு!”

“பேர் எழுதலையே. மேஸ்திரின்னுதானே எழுதியிருக்கேன்.”

“இந்தத் தெருவுல எத்தினி மேஸ்திரி?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “அதுவும் தப்புதான்” என்று சொல்லி, துணியால் என்னை மட்டும் துடைத்துவிட்டு, ‘ஒரு சுவர்’ என்று மாற்றினார். அதற்குள் பார்க்க வேண்டியவர்கள் எல்லோரும் பார்த்தாயிற்று. என் அனுபவத்தில் சுவர் கரைந்தால் சிமெண்ட் சரியில்லை, மணல் சரியில்லை, வீட்டுக்காரர் அவசரப்படுத்தினார், இப்படிச் சொல்ல ஆயிரம் இருக்கும். அவர் எதையும் சொல்லவில்லை. எனக்குத் திட்டுவதற்குப் பிடிமானம் கிடைக்காமல் போயிற்று.

இன்னொரு தடவை, அவர் போர்டை நம்பி பக்கத்து வீட்டம்மா வருஷத்துக்கான மிளகாயை மொட்டைமாடியில் பரப்பிவிட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டார். மழை வந்துவிட்டது. மதாம் தானே ஏணி வைத்துச் சுவரேறி, மிளகாயை அள்ளிக்கொண்டு வந்து, தன் வீட்டுக் கூடத்தில் பரப்பி, இரண்டு மின்விசிறியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். மூன்று நாளைக்கு அந்த வீட்டிலிருந்து தும்மல் சத்தம். அவர் கர்த்தருக்குச் சொல்கிற ஜெபம்கூடத் தும்மலோடுதான் கேட்டது. பக்கத்து வீட்டம்மா, “விடுங்க மதாம், மழை பெஞ்சதுக்கு நீங்க இன்னா பண்ணுவீங்க?” என்றார். “மழை பெஞ்சதுக்கு நான் பொறுப்பில்ல. பெய்யாதுன்னு சொன்னதுக்குப் பொறுப்பு” என்றார் மதாம். அடுத்த தும்மல்.

ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். அவர் வீட்டு மாடிப்படிக் கைப்பிடியைப் பூசிக்கொடுத்துவிட்டுக் காப்பி குடித்துக்கொண்டிருந்த நேரம். பால் இல்லாத கடுங்காப்பி, வாயில் வைக்க முடியாது.

“எங்க வீட்டு முசியே எல்லாத்தையும் நிச்சயமாத்தான் சொல்லுவாரு” என்றார் மதாம். புருஷனைத்தான் அப்படிச் சொல்வார். “அவர் செத்த அன்னிக்குக் காலையிலகூட, சாயங்காலம் கடற்கரைக்குப் போறோம், நிச்சயம்னு சொன்னாரு. நான் புடவைகூட எடுத்து வச்சிருந்தேன்.”

காப்பியை முழுசாகக் குடித்துவிட்டு வந்தேன்.

சில வருஷம் கழித்து மகள் வந்து அவரைப் பிரான்சுக்கு அழைத்துப் போய்விட்டாள். அங்கேயிருந்து ஒருதரம் போன் பேசினார். அங்கெல்லாம் மணிக்கு மணி வானிலையைச் சரியாகச் சொல்லிவிடுகிறார்களாம். “எனக்கு இங்க வேலையே இல்ல, மேஸ்திரி” என்று குறைப்பட்டுக்கொண்டார். அது கிடக்கட்டும். நான் சொல்ல வந்தது அவர் போவதற்கு முன்னால் போட்ட அரியாங்குப்பத்துத் தளத்தைப் பற்றி.

எங்கள் தெருவுக்குக் கூடை சுமந்து மீன் கொண்டுவருகிற அம்மா ஒருத்தி. வயதில் எனக்குச் சின்னவள். தங்கச்சி என்பேன், அண்ணே என்பாள். வீடு ஆற்றுக்குத் தெற்கே அரியாங்குப்பத்தில். வீடு என்று சொல்லக் கூடாது, கீற்றுக் குடிசை. ஐப்பசி வந்தால் தண்ணீர் உள்ளே புகும். புருஷனும் இரண்டு பெண் பிள்ளைகளுமாக வருஷா வருஷம் பாயைச் சுருட்டிக்கொண்டு கல்யாண மண்டபத்தில் போய்ப் படுப்பார்கள். குடிசைக்குப் பக்கத்தில் மேடு கட்டி, இரண்டு ரூமுக்குச் சுவர் எழுப்பி இரண்டு வருஷமாக அப்படியே நின்றது. தலைக்கு மேல் தளம் இல்லை. இந்த ஐப்பசிக்கு மண்டபத்துக்குப் போக மாட்டேன் என்று அவள் பெரிய பெண் சாதித்துவிட்டாள். வயசுக்கு வந்த பெண், நாலு குடும்பத்துக்கு நடுவில் எப்படிப் படுக்கும்? புரட்டாசியில் பாதி ஊர் கவுச்சி தொடாது. மீன் வியாபாரம் மந்தம். அதனால் வேலையை அந்த மாதத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று என்னிடம் வந்தாள்.

“ஒரே நாள். ஒரே மூச்சு. நான் ஆரம்பிச்ச தளம் பாதியில நின்னதா சரித்திரமே இல்ல, தங்கச்சி” என்றேன். உண்மைதான்.

பலகை அடித்து, கம்பி கட்டி, எல்லாம் தயார். வானம்தான் தயாராகவில்லை. தினம் சாயங்காலம் எங்காவது இடி. புதுக் காங்கிரீட்டில் ஒரு பெரிய மழை விழுந்தால் சிமெண்டைக் கழுவிக்கொண்டு போய்விடும். அப்புறம் அது ஜல்லிக் குவியல், தளம் அல்ல. நாலு நாள் தள்ளினேன். கம்பியில் துரு ஏற ஆரம்பித்தது. மீன்காரத் தங்கச்சி தினம் மதாம் வீட்டுப் போர்டைப் பார்த்துவிட்டு என்னிடம் வருவாள். போர்டிலோ மூன்று நாளாக ஒரே வார்த்தை: ‘தெரியவில்லை.’

“தெரியலன்னு எழுதறதுக்கு ஒரு போர்டா மதாம்?” என்று அவள் கேட்டே விட்டாள். புரட்டாசியிலும் விடாமல் மீன் வாங்குகிற ஒரே பெரிய வாடிக்கை மதாம்தான், அந்த உரிமை.

மதாம் நாக்கைக் கடித்துக்கொண்டு யோசித்தார். “இங்கேருந்து உங்க ஊரைச் சொல்ல முடியல. நான் அங்க வந்து உக்காந்தா ஒரு மணி நேரத்துக்கு முன்னாடியாவது சொல்ல முடியும்னு நினைக்கிறேன்.”

அப்படித்தான் தளம் போடுகிற அன்று காலை ஏழு மணிக்கு ஆட்டோவிலிருந்து மதாம் இறங்கினார். கக்கத்தில் துண்டு சுற்றிய பித்தளைக் கருவி, கையில் குடை, இன்னொரு கையில் அப்போதுதான் வாங்கியிருந்த செல்போன். ஜல்லி அள்ளுகிற பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டார்கள். “மழைக்கு டாக்டரம்மா வந்துட்டாங்கடி, நாடி பாக்கப் போறாங்க.” வேப்ப மரத்தில் ஓர் ஆணி அடித்துக் கருவியை மாட்டிக் கொடுத்தேன். அதன் கீழே பிளாஸ்டிக் நாற்காலி.

சூடம் காட்டி, தேங்காய் உடைத்து, முதல் சட்டி கலவையைத் தங்கச்சியே கொண்டுபோய்க் கொட்டினாள். மிக்சர் மிஷின் ஓட ஆரம்பித்தது. சட்டி கைமாறி கைமாறி மேலே போனது. வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். பதினோரு மணிக்குள் முதல் ரூம் முடிந்தது. என் ஆட்கள் அன்றைக்குப் பறந்தார்கள். மூன்று மணிக்குள் முடித்துக் கையைக் கழுவிவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டுக்கு மதாம் எழுந்து வந்து கீழே நின்று மேலே பார்த்தார். “மேஸ்திரி, தையல்காரர் கடை முன்னால போட்ட துணியை எல்லாம் உள்ள எடுத்துட்டாரு. டீக்கடைக்காரரும் பெஞ்சைத் தூக்கிட்டாரு. முள்ளும் இறங்குது. முக்கால் மணி நேரத்துல இங்க மழைன்னு நினைக்கிறேன். பத்துக்கு ஆறு.”

மேலே பார்த்தேன். தலைக்கு மேல் வெள்ளை வெயில். மேற்கே மட்டும் தென்னை மரங்களுக்குப் பின்னால் ஒரு கறுப்பு.

தளத்தை நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. நிறுத்துவதற்கென்று இடம் இருக்கிறது. அந்த இடத்தில் பலகையைக் குறுக்கே நிறுத்தி, நேர்கோடாக வெட்டி, மேலே தார்ப்பாய் மூடி முடிக்க அரை மணி நேரம் வேண்டும். நிறுத்துவதென்றால் அந்த நிமிஷமே முடிவு செய்ய வேண்டும்.

“நிறுத்தாதீங்க அண்ணே” என்றாள் தங்கச்சி. “பாதித் தளம்னு ஊரே சிரிக்கும். ஒட்டுப் போட்ட தளம் ஒழுகும்னு என் மாமியார் அப்பவே சொன்னாங்க.”

நான் இறங்கி வந்து மதாம் முன்னால் நின்றேன். “நிச்சயமா சொல்லுங்க மதாம். நிறுத்தட்டுமா?”

“நிச்சயமா சொல்ல மாட்டேன். நீங்க கேக்கறீங்களேன்னு பொய் சொல்ல முடியாது.”

“பத்துக்கு ஆறை வச்சிக்கினு நான் இன்னா பண்றது?”

மதாம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். “ரெண்டு தப்புல எதைச் செஞ்சா பொறுத்துக்கலாம்னு மட்டும் பாருங்க. நிறுத்தி மழை வரலன்னா தளத்துல ஒரு கோடு. நிறுத்தாம மழை வந்தா தளமே இல்ல.”

இதுதான் நான் சொன்ன நல்ல பேச்சு. எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கவே நேரமாகும். ஆனால் இது ஒரே தடவையில் உள்ளே இறங்கிவிட்டது. மிஷினை நிறுத்தச் சொன்னேன். பலகையை வைத்து வெட்டி, தார்ப்பாய் போட்டு, நாலு பக்கமும் கல் வைத்து மூடினோம். தங்கச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு மணி ஆயிற்று. இடி கேட்டது. ஒன்றரை. கறுப்பு பாதி வானத்துக்கு ஏறி வந்து எங்களைப் பார்த்தபடி நின்றது. இதோ வருகிறது, இதோ வருகிறது என்று எல்லோரும் சுவரோடு ஒட்டி நின்றோம். இரண்டரை மணிக்கு அந்தக் கறுப்பு, யாரோ கூப்பிட்ட மாதிரி, மெதுவாக வடக்கே திரும்பி ஆற்றைத் தாண்டிப் போயிற்று. எங்கள் மேல் மறுபடியும் வெயில். அதற்குள் கலவை இறுகிவிட்டது. இனி அன்றைக்குத் தொடர முடியாது. ஒரு சொட்டு விழவில்லை.

“தப்பு” என்றார் மதாம். “என்னோடது.” கருவியைக் கழற்றித் துண்டில் சுற்றினார். தங்கச்சி அவர் பக்கம் திரும்பவில்லை.

நான்தான் அவரை முத்தியால்பேட்டைக்குக் கொண்டுபோய் விட்டேன். எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். மாடி ஜாடி நிரம்பி வழிந்திருந்தது. அந்த மழை நேராக அவர் வீட்டில் வந்து இறங்கியிருந்தது. “நான் வீட்டிலேயே உக்காந்திருந்தா சரியா இருந்திருக்கும்” என்று சொல்லி, அளந்து பார்க்காமலே ஜாடித் தண்ணீரைக் கீழே கொட்டினார். நான் சிரிக்க ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டேன்.

மறுநாள் காலையில் வெட்டிய இடத்தைக் கொத்திவிட்டு, கழுவி, சிமெண்ட் பால் ஊற்றி, மீதித் தளத்தைப் பதினோரு மணிக்குள் முடித்தேன். அன்றைக்கும் மழை இல்லை. சாயங்காலம் தெருவுக்கு வந்தபோது போர்டில் எழுதியிருந்தது: ‘தப்பு. அரியாங்குப்பத்தில் ஒரு வீட்டுத் தளம் என்னால் பாதியில் நின்றது. பர்தோன்.’

“நிறுத்தினது நான், மதாம். உங்க தலையில போட்டுக்காதீங்க.”

“நீங்க நிறுத்தினது தப்பில்ல, மேஸ்திரி. நான் சொன்னது தப்பு. ரெண்டும் வேற வேற.”

வழக்கமாக ‘நேற்று’ மறுநாள் அழிந்துவிடும். இந்த வரியை அவர் அழிக்கவில்லை. மிச்சம் இருக்கிற இடத்தில் தினப்படி எழுத்தை நெருக்கி நெருக்கி எழுதினார். ஏன் என்று கேட்டேன். “மத்ததெல்லாம் அன்னன்னிக்குக் காஞ்சிடும். இது ஒழுகினா அந்தப் புள்ளைங்க தலையில காலத்துக்கும் ஒழுகுமே” என்றார்.

தங்கச்சி எங்கள் தெருவுக்கு வருவாள், மீன் விற்பாள், மதாம் வீட்டு கேட்டை மட்டும் குரல் கொடுக்காமல் தாண்டிப் போவாள். மதாம் உள்ளே நின்று அந்தக் குரல் தூரத்தில் போவதைக் கேட்டுக்கொண்டிருப்பார். மூன்று வாரம் அந்த வீட்டில் மீன் வாசனை இல்லை. வேறு யாரிடமும் அவர் வாங்கவில்லை.

ஐப்பசி பிறந்தது. கடல் பக்கம் வானம் இருண்டு, சொல்லிவைத்த மாதிரி மழை இறங்கியது. இரண்டு ராத்திரி, இரண்டு பகல். இரண்டாம் நாள் மத்தியானம் போய்ப் பார்த்தேன். மதாம் குடையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். போர்டு வெறுங்கறுப்பாக இருந்தது.

“நான் அழிக்கல, மழை அழிச்சிடுச்சு. திரும்ப எழுதணும்.”

“எழுதறதுக்கு முன்னாடி போய்ப் பாத்துட்டு வந்துடலாம் வாங்க” என்றேன். அவருக்காகச் சொன்ன மாதிரி சொன்னேன். உண்மையில் இரண்டு நாளாக எனக்கும் சோறு இறங்கவில்லை.

ஆட்டோ பாலத்தைத் தாண்டும்போது ஆறு கரையைத் தொட்டுக்கொண்டு ஓடியது. குடிசைக்குள் தண்ணீர் நின்றது. புது வீட்டு வாசலில் தங்கச்சி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

“வாங்க வாங்க. பாதித் தளத்துக்காரங்க ரெண்டு பேரும் ஜோடியா வந்துட்டீங்களா? எங்க ஒழுகுதுன்னு பாக்கவா?”

“ஆமா” என்றார் மதாம்.

அவள் எதிர்பார்க்கவில்லை. இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். அப்புறம் வழிவிட்டாள்.

உள்ளே பெண்கள் இரண்டு பேரும் ஒரு மூலையில் பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். புருஷன் படகைக் கட்டப் போயிருந்தான். இரண்டாவது ரூமின் கூரையில் அந்தக் கோடு தெரிந்தது. ஒரு பக்கம் கொஞ்சம் வெளுப்பு, ஒரு பக்கம் கொஞ்சம் கருமை. ஸ்டூல் போட்டு ஏறி, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் கோட்டின் மேல் உள்ளங்கையை ஓட்டினேன்.

“காஞ்சிருக்குது” என்றேன்.

மதாம் நம்பவில்லை. “ரெண்டு நாள் மழைதானே ஆச்சு. மூணாம் நாள் எப்படியோ.” அண்ணாந்து பார்த்தபடியே கோட்டின் அடியில் நடந்தார். திரும்பி நடந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் நடந்தார்.

தங்கச்சி டீ கொண்டுவந்து கொடுத்தாள். மதாம் அதைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் மேலேயே பார்த்தார். அவளுக்குப் பொறுக்கவில்லை.

“மூணாம் நாள் வரைக்கும் இப்படியே நிக்கப்போறீங்களா மதாம்? கழுத்து சுளுக்கிக்கும். கடலும் இல்ல, மீனும் இல்ல, ரெண்டு நாளா எனக்குத் தூக்கம் ஒண்ணுதான் மிச்சம். நவுருங்க.” பாயை எடுத்து உதறி, சரியாக அந்தக் கோட்டுக்குக் கீழே விரித்தாள். மல்லாந்து படுத்துக்கொண்டாள். “ஒழுகினா என் மூஞ்சியிலதான் மொதல்ல ஒழுகும். நானே எழுந்து சொல்றேன். நீங்க டீயைக் குடிங்க, ஆறுது.”

சொல்லி முடித்தவள் புடவைத் தலைப்பை இழுத்து மார்பில் போர்த்திக்கொண்டு கண்ணை மூடினாள். வெளியே மழை வலுத்தது. தளத்தின் மேல் ஆயிரம் பேர் ஓடுகிற மாதிரி சத்தம். நாங்கள் மேலே பார்ப்பதும் அவள் முகத்தைப் பார்ப்பதுமாக நின்றோம். கொஞ்ச நேரத்தில் அவள் வாய் லேசாகத் திறந்தது. குறட்டை கேட்டது.

பெரிய பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். மதாம் உதட்டில் விரலை வைத்தார். சாக்பீஸ் தூள் உதட்டில் ஒட்டிக்கொண்டது. டம்ளரைச் சத்தமில்லாமல் தரையில் வைத்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு வெளியே நடந்தார்.

நான் கதவைச் சாத்தப் போனேன். புதுக் கதவு, கிறீச்சென்று கத்தும். மதாம் என் கையைப் பிடித்து நிறுத்தினார். திறந்தபடியே விட்டுவிட்டு மழையில் இறங்கினோம்.